ஓமந்தையில் அறுபடும் வரைபு

1869 நவம்பரில், 88 வயதான பிரெஞ்சுப் பொறியியலாளர் சார்ள் ஜோசப் மினார் ஒரு படையின் அழிவை ஒரே தாளில் வரைந்தார். 1812 இல் நெப்போலியனோடு நீமன் ஆற்றைக் கடந்து ரஷ்யாவுக்குள் புகுந்த 422,000 பேரைத் தடித்த பட்டையாக இட்டார். மொஸ்கோவை எட்டும்போது அதன் அகலம் 100,000 ஆகச் சுருங்குகிறது. திரும்பும் வழியைக் கறுப்பில் போட்டார். அது மெலிந்துகொண்டே வந்து, அதே ஆற்றைத் திரும்பக் கடக்கும் இடத்தில் 10,000 பேரைக் குறிக்கும் கோடாக முடிகிறது. அடியில், திரும்பிய நாட்களின் குளிரைக் காட்டும் வெப்பநிலைக் கோடு ஒன்று ஓடுகிறது. தகவலைப் படமாக்கும் கலையில் இதற்கு மேலான ஆக்கம் இல்லை என்று கருதுவோர் பலர்.

இலங்கையின் வடக்கே, இறுதிப் போரின்போது வன்னியில் வாழ்ந்த எவரும் அந்தத் தாளைப் பார்த்தால், இதை எங்களுக்கும் வரையலாமே என்றுதான் நினைப்பார். மடு, அடம்பன் பக்கத்திலிருந்து கிழக்கே நகரத் தொடங்கும் மெல்லிய கோடு. ஊர் ஊராகச் சனம் சேரச் சேர அது தடிக்கும். 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தபின் பரந்தன், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு என்று போய், மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கடலோரமாக ஒடுங்கும். பிறகு வட்டுவாகல் பாலத்தால் திரும்பி ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு வரும். அங்கிருந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு. வெப்பநிலைக் கோட்டின் இடத்தில், அரசு அறிவித்த பாதுகாப்பு வலயங்களின் பரப்பைப் போடலாம்: ஜனவரி 21 இல் ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றர், பெப்ரவரி 12 இல் அதிலும் பாதிக்குக் குறைவு, மே 8 இல் இன்னும் சிறிய ஒரு துண்டு. வரைவதற்கு வேண்டியதெல்லாம் கையில் இருப்பது போலத் தோன்றும்.

அப்படி வரைந்தால் அது உண்மை சொல்லுமா? வன்னியின் இறுதிப் போரையும் அதில் காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் எண்ணாகவும் படமாகவும் காட்டப் பல முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஆண்டுதோறும், போர் முடிந்த மே மாதத்தில் புதிய தகவல் படங்கள் வருகின்றன. வெளிநாடுகளில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் கணினியில் தேர்ச்சியோடு வரைகிறார்கள். அவற்றின் அழகைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. எது நிற்கும், எது விழும் என்ற பேச்சு நடப்பதில்லை. அதைச் செய்வது இறந்தவர்களுக்கு அவமரியாதை என்று சிலர் நினைக்கலாம். நான் மறுபக்கத்தில் நிற்கிறேன். எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடக்கூடிய படத்தை அவர்கள் பெயரில் தூக்கிப் பிடிப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அளவுகோலை மினாரிடமே எடுக்கலாம். அவருடைய தாளின் தலைப்புக்குக் கீழே பலர் வாசிக்காமல் கடக்கும் சில வரிகள் இருக்கின்றன. எண்களை எங்கிருந்து எடுத்தார் என்று அங்கே எழுதியிருக்கிறார்: தியேர், செகூர், ஃபெசன்சாக், ஷாம்ப்ரே ஆகியோரின் நூல்கள், படையின் மருந்தாளர் ஜாக்கோப்பின் அச்சேறாத நாட்குறிப்பு. வழியில் பிரிந்துபோய்ப் பின்னர் சேர்ந்த இரண்டு படைப்பிரிவுகளை, பிரியாமல் கூடவே நடந்தவை போலக் கொண்டிருக்கிறேன் என்றும் சொல்கிறார். தான் செய்த எளிமைப்படுத்தலை அவர் மறைக்கவில்லை. ஒரு தகவல் படத்திடம் நான் கேட்பது மூன்று. யார் எண்ணினார்கள்? எதை ஒன்று என்று எண்ணினார்கள்? எண்ணப்படாதவர்களுக்கு அந்தத் தாளில் இடம் இருக்கிறதா?

முதற் கேள்வியிலேயே வன்னிப் பட்டை தடுமாறுகிறது, ஏனென்றால் அதன் அகலமே சண்டைக்குரிய பொருளாக இருந்தது. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகளின் (மாவட்டச் செயலகங்களின்) கணக்குப்படி அங்கிருந்தவர்கள் 429,059 பேர். கிராம அலுவலர்கள் குடும்பம் குடும்பமாகப் பதிந்து, பிரதேச செயலகங்கள் கூட்டி, அரசாங்க அதிபரிடம் வந்து சேர்ந்த தொகை அது. 2009 பெப்ரவரி கடைசியில் முல்லைத்தீவின் மேலதிக அரசாங்க அதிபர் தன் பகுதியில் சுமார் 330,000 பேர் இருப்பதாக அறிவித்தார். கொழும்பிலிருந்த அரசு 70,000 என்றது. அமைச்சுச் செயலாளர் ஒருவர் மேலதிக அரசாங்க அதிபரின் தொகையை ஆதாரமற்றது என்று கண்டித்துக் கடிதம் எழுதினார். இது அலுவலகங்களுக்கு இடையிலான கணக்குத் தகராறோடு நிற்கவில்லை. கப்பலில் எத்தனை மூடை அரிசி ஏறும், எவ்வளவு மருந்து போகும் என்பதை அந்தத் தொகைதான் தீர்மானித்தது. அரசு சனத்தொகையை வேண்டுமென்றே குறைத்துக் காட்டி உணவையும் மருந்தையும் மட்டுப்படுத்தியது என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் எழுதியது.

இங்கே மினாரின் முறை ஒரு பெரிய வேலையைச் செய்யும். ஓமந்தையாலும் பிற வழிகளாலும் வெளியே வந்து சேர்ந்தவர்களின் தொகை 2009 ஜூலை 10 இல் ஐ.நா. கணக்குப்படி 282,380. கொழும்பின் 70,000 ஐத் தொடக்கமாக வைத்து, பெப்ரவரிக்கு முன் வந்துவிட்ட சில பத்தாயிரங்களையும் கழித்துவிட்டு வரைந்து பாருங்கள். பட்டை முடிவில் மூன்று மடங்குக்கு மேல் தடிக்கும். செல் விழுந்துகொண்டிருந்த கடற்கரையில் சனம் பெருகியது என்று அந்தப் படம் சொல்லும். ஒரு பொய்யை இவ்வளவு சீக்கிரம் கண்ணுக்குக் காட்ட வேறு எந்த வடிவத்தாலும் முடியாது. பட்டை முறைக்கு நான் தரும் மதிப்பு முதன்மையாக இதற்குத்தான். உண்மைத் தொகை எது என்று அது சொல்லித் தராது. எது உண்மையாக இருக்க முடியாது என்பதைக் காட்டித் தரும்.

அடுத்தது கழித்தல். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 429,059 இலிருந்து 282,380 ஐக் கழித்தால் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். படம் இல்லை, நிறம் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சரிபார்க்கக்கூடிய ஒரு கழித்தல். இருந்தும், வன்னியைப் பற்றிச் செய்யப்பட்ட தகவல் வெளிப்பாடுகளில் மிகத் திறமையான ஒன்று இதுவே என்று சொல்லத் தயங்க மாட்டேன். இரண்டு தொகைகளும் எங்கிருந்து வந்தன என்பது அதிலேயே இருக்கிறது. ஒன்று அரசின் சொந்தக் கச்சேரி எழுதியது, மற்றது ஐ.நா. எழுதியது. ஆயர் தன் பக்கத்திலிருந்து ஒரு இலக்கத்தையும் சேர்க்கவில்லை. விடையைக் குற்றச்சாட்டாக அல்லாமல் கேள்வியாக வைத்தார். மறுக்க விரும்புகிறவர் இரண்டு தொகைகளில் எது பிழை, ஏன் பிழை என்று சொல்லியாக வேண்டும்.

ஆனால் அந்தக் கழித்தலின் விடை இறந்தவர்களின் தொகை ஆகாது. நிவாரணத்துக்காகப் பதியப்பட்ட பட்டியலில் இரட்டைப் பதிவு இருக்கலாம். இடம்பெயர்ந்து போன குடும்பம் பழைய கிராம அலுவலரிடமும் புதியவரிடமும் இருந்திருக்கலாம். படகில் இந்தியாவுக்குப் போனவர்கள், முகாமிலிருந்து காசு கொடுத்து வெளியேறியவர்கள், காட்டால் போனவர்கள் இருந்திருப்பார்கள். விடுதலைப் புலிகள் கட்டாயமாகச் சேர்த்த பிள்ளைகள் குடும்ப அட்டையில் இருந்தார்களா, இல்லையா என்பது ஊருக்கு ஊர் மாறும். வெளியேற முயன்ற சனத்தைப் புலிகள் தடுத்ததும் சுட்டதும் அதே நிபுணர் குழுவின் அறிக்கையில் இருக்கிறது. பட்டை ஏன் அந்தக் கடற்கரையிலேயே தேங்கி நின்றது என்று கேட்பவருக்கு அதைச் சொல்லாத படம் பாதிக் கதைதான் சொல்கிறது. ஆயர் கேட்டது கணக்கில் வராதவர்களைப் பற்றி. மே மாதப் பதாகைகள் பலவற்றில் அதே 146,679 கொல்லப்பட்டோர் தொகையாகச் சிவப்பில் நிற்கிறது. அவர் திறந்து வைத்த கேள்வியை இந்தப் பதாகைகள் மூடிவிடுகின்றன. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடி இன்னும் வீதியில் இருக்கும் தாயின் கணக்கை, அவளைக் கேட்காமலே முடித்துவிடுகின்றன. அழகியல் குறைகளைப் பொறுக்கலாம், இதைப் பொறுக்க முடியாது.

இதைவிடப் பரவலான இன்னொரு பிழை நான்கு சலாகைகளை ஒரே அச்சில் நிறுத்துவது. 7,721, 40,000, 70,000, 146,679. சலாகை வரைபு பாடசாலையிலேயே பழகிய வடிவம். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு உயரத்தைப் பார் என்று அது கண்ணுக்குக் கட்டளையிடுகிறது. ஆனால் இந்த நான்கும் ஒரே பொருளின் நான்கு அளவுகள் இல்லை. 7,721 என்பது 2008 ஓகஸ்ட் முதல் 2009 மே 13 வரை கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலர்கள் ஒவ்வொரு செய்தியையும் பல மூலங்களில் சரிபார்த்துப் பதிந்த சாவுகள். அதில் கடைசி நாட்கள் இல்லை, யாரும் பார்த்து அறிவிக்காத சாவுகள் இல்லை. 40,000 என்பது நிபுணர் குழு, அந்த அளவு வரையான பொதுமக்கள் சாவுகளை இப்போதைக்கு மறுக்க முடியாது என்று சொன்ன மேல் எல்லை. 70,000 க்கு மேல் என்பது 2012 இல் ஐ.நா. தன் சொந்தத் தவறுகளை ஆராய வெளியிட்ட உள்ளக மீளாய்வு, கணக்கில் வராதவர்கள் எனக் குறித்தது. நான்காவது ஆயரின் கழித்தல். ஒன்று கீழ் எல்லை, ஒன்று மேல் எல்லை, மற்ற இரண்டும் சாவைப் பற்றியே பேசாதவை. இவற்றை அருகருகே நிறுத்தினால், யார் பெரிதாகச் சொல்கிறார்கள் என்ற போட்டியாகத்தான் வாசகர் புரிந்துகொள்வார். மறுப்பவருக்கும் அதுவே வசதி. தமிழர்களே நான்கு விதமாகச் சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இந்த வரைபை நான் முழுதாகவே நிராகரிக்கிறேன்.

வரைவதற்கு வேறு வழி இருக்கிறது. அந்த எண்களின் வடிவமே அதைச் சொல்லித் தருகிறது. 429,059 இன் கடைசி ஒன்பது ஒரு வீட்டில் யாரோ ஒருவர் பெயரை இன்னொருவர் எழுதியதால் வந்தது. 40,000 இன் நான்கு பூச்சியங்கள் அது மதிப்பீடு என்பதைச் சொல்கின்றன. முன்னதைக் கூரான விளிம்போடும் பின்னதை மங்கிக் கரையும் விளிம்போடும் வரைந்தால் பார்ப்பவருக்கு அந்த வேறுபாடு விளக்கமில்லாமலே புரியும். 1920 களில் வியன்னாவில் ஒட்டோ நியூராத் தன் படவரைபுகளுக்கு ஒரு விதி வகுத்தார்: தொகை பெருகினால் உருவத்தைப் பெரிதாக்காதே, அதே அளவு உருவத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கு. உருவத்தின் உயரத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிக் கண் ஏமாறும் என்பதுதான் காரணம். எங்கள் பதாகைகளில் எண் பெரிதாகும்போது விழுந்து கிடக்கும் ஒரு மனித உருவம் பூதாகாரமாக வளர்வதைக் காணலாம். நூறு ஆண்டுகளுக்கு முன்னே தீர்த்து வைத்த பிழை அது.

பதாகைகளில் வரும் இரத்தத் துளிகள் பற்றியும் ஒரு சொல். 2011 இல் சைமன் ஸ்கார், ஈராக்கில் நிகழ்ந்த சாவுகளை ஹொங்கொங் நாளிதழ் ஒன்றுக்காக வரைந்தபோது சலாகைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சிவப்பாக்கினார். சுவரில் இரத்தம் வழிவது போன்ற தோற்றம். பெரும் புகழ் பெற்ற ஆக்கம். பின்னர் அன்டி கொட்கிரீவ் அதே தரவை, அதே சலாகைகளை நிமிர்த்தி நீலச் சாம்பலாக்கி, சாவுகள் குறைகின்றன என்ற பொருளில் தலைப்பிட்டுக் காட்டினார். ஒரு இலக்கமும் மாறவில்லை, படம் முற்றிலும் வேறொன்றைச் சொன்னது. நிறத்துக்கும் திசைக்கும் இருக்கும் பலத்தை இந்தச் சோடி அறியத் தருகிறது. உணர்ச்சியை ஊட்டுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஸ்கார் மாதாமாதம் சரியாகப் பதிந்த தரவின் மேல் அந்தச் சிவப்பைப் பூசினார். எங்களிடம் தரவே தகராறில் இருக்கும்போது சிவப்பு, இல்லாத ஆதாரத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

செய்மதிப் படங்களை விரைவாகக் கடக்கிறேன். 2009 இல் ஐ.நா. வின் செய்மதிப் பிரிவு கடலோர வலயத்தில் கூடாரங்களின் அடர்த்தியையும் குண்டுக் குழிகளையும் குறித்தது. சாட்சிகளை நம்ப மறுத்த உலகத்துக்கு அவை தேவைப்பட்டன. சனம் இருந்த இடத்தில் குழிகள் விழுந்தன என்பதை நிறுவ அவை போதும். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கூரை தெரியும், கீழே பங்கருக்குள் இருப்பவர் தெரியமாட்டார். இடத்துக்கான ஆதாரமாக அவை நிற்கும், ஆட்களுக்கான ஆதாரமாக நிற்கமாட்டா.

இனி, யாரும் தகவல் படம் என்று கருதாத ஒன்றுக்கு வருகிறேன். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியிலும் அதையடுத்த நாட்களில் வவுனியாவிலும் பிற மாவட்டங்களிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் வீதியோரம் இருந்தார்கள். கொட்டகை போட்டு, படங்களை வரிசை வரிசையாகக் கட்டினார்கள். அந்தப் படச்சுவரை ஒரு வரைபாக வாசித்துப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு முகம். எல்லாக் கட்டங்களும் ஏறத்தாழ ஒரே அளவு. நியூராத் கேட்ட விதி யாரும் சொல்லித்தராமலே அங்கே கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது. முகத்துக்குக் கீழே பெயர், திகதி, இடம். இடமாக வட்டுவாகல் வரும், முகாம்களின் பெயர் வரும், ஓமந்தை வரும். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது, கலியாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்தது, பாடசாலைச் சீருடையில் நிற்பது என்று படங்கள் வேறுபடும். அந்த வேறுபாடும் தகவலே. இந்தக் குடும்பத்துக்குப் போரின் பின் எது மிஞ்சியது என்பதை அது சொல்கிறது.

மூன்று கேள்விகளையும் இதனிடம் கேட்போம். யார் எண்ணினார்கள் என்றால், எண்ணியவர் படத்தைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே இருக்கிறார். எந்தத் திகதி, யார் கையில் ஒப்படைத்தீர்கள், என்ன உடுப்பு, யார் கூட நின்றது என்று எதைக் கேட்டாலும் சொல்வார். எதை ஒன்று என்று எண்ணினார்கள் என்றால், ஒரு ஆளை. ஆயிரத்துக்கு ஒரு உருவம் என்று சுருக்கவில்லை. எந்தப் புள்ளிவிபர அலுவலகமும் இவ்வளவு சுத்தமாக ஒரு அலகை வரையறுத்ததில்லை.

அதே கொட்டகைகளில் இன்னொரு எண்ணிக்கையும் நடக்கிறது. இன்று போராட்டத்தின் இத்தனையாவது நாள் என்று பலகையில் எழுதுகிறார்கள். 2022 ஓகஸ்ட் 12 இல் அது 2,000 ஆனது. ஒவ்வொரு நாளும் ஒன்று கூடும் அந்த இலக்கத்தை ஒரு கால வரைபின் ஒற்றைப் புள்ளியாகவே பார்க்கிறேன். காணாமல் ஆக்கப்பட்டோர் தொகையை மறுப்பவரும் அந்த நாட்களின் தொகையை மறுக்க முடியாது. காலம் போகப் போக, பிள்ளையைத் தேடிக்கொண்டே இறந்துபோன தாய் தந்தையரின் படங்களும் கொட்டகையில் வேறு வரிசையாக வந்தன. முதல் வரிசை காணாமல் போனவர்களைக் காட்டுகிறது, இரண்டாவது அவர்களைத் தெரிந்த சாட்சிகள் குறைந்து வருவதைக் காட்டுகிறது. தேடல் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை இதைவிடக் கறாராகச் சொல்லும் வரைபை நான் எங்கும் பார்த்ததில்லை. யாரும் அதை வடிவமைக்கவில்லை என்பதால் அதன் தரம் குறைந்துவிடாது.

மூன்றாவது கேள்வியில்தான் படச்சுவர் விழுகிறது. எண்ணப்படாதவர்களுக்கு அங்கே இடம் இல்லை. படம் பிடிக்க ஒரு ஆள் உயிரோடு இருக்க வேண்டும். ஒரே பங்கரில் முழுக் குடும்பமும் போயிருந்தால் கொட்டகைக்கு வருவார் யார்? தாய் தகப்பன் பிள்ளையோடு சேர்ந்து சரணடைந்து எல்லாரும் திரும்பாவிட்டால் திகதி சொல்வார் யார்? அதனால் எந்தக் குடும்பம் அதிகம் இழந்ததோ அந்தக் குடும்பமே சுவரில் குறைவாகத் தெரியும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2011 இல் வட மாகாணத்தில் வீடு வீடாகச் சாவுகளைப் பதிந்து வெளியிட்ட கணக்கிலும் இதே ஓட்டைதான். அந்தத் தொகை நிபுணர் குழுவின் எல்லையைவிட மிகக் குறைவாக வந்தது. காரணங்களில் ஒன்று, உயிரோடு இருப்பவரிடம் மட்டுமே கேட்க முடிந்தது என்பது. தாய்மாரின் சுவரும் அரசின் அட்டவணையும் ஒரே இடத்தில் குருடாகின்றன. அதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த ஓட்டையை அடைக்க ஒரு கணித வழி உண்டு. குளத்தில் எத்தனை மீன் என்று அறிய வேண்டுமானால், ஒரு வலை வீசி, பிடித்த மீன்களில் குறி வைத்துத் திரும்ப விடுவார்கள். இரண்டாம் வலையில் குறி வைத்தவை எத்தனை அகப்படுகின்றன என்று பார்த்து முழுக் குளத்தையும் மதிப்பிடுவார்கள். காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியல்களுக்கும் இது பொருந்தும். ஒரு அமைப்பின் பட்டியலில் 100 பெயர், இன்னொன்றில் 80, இரண்டிலும் வருவோர் 40 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பட்டியலில் பாதிப்பேர் முதலாவதில் இருக்கிறார்கள், ஆகவே முதலாவது பட்டியல் மொத்தத்தில் பாதியைத்தான் பிடித்திருக்கிறது, மொத்தம் 200 அளவில் இருக்கும். எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் அந்த 200 க்குள் இருக்கிறார்கள். 2018 இல் உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேசச் செயற்திட்டமும் மனித உரிமைத் தரவுப் பகுப்பாய்வுக் குழுவும் இந்த முறையால், 2009 மே 17 முதல் 19 வரையான மூன்று நாட்களில் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டோர் சுமார் 500 பேர் என்று மதிப்பிட்டன. குழந்தைகளும் அதில் அடக்கம்.

இந்த 500 பதாகைகளில் வருவதில்லை. சிறிய எண் என்று நினைக்கிறார்கள் போலும். என் கணிப்பில் வன்னி பற்றிய எண்களில் மிகவும் உறுதியாக நிற்கக்கூடியது இதுதான். காலம் குறித்தது, இடம் குறித்தது, பெயர்ப் பட்டியல்களின் மேல் கட்டியது, தன் முறையை வெளியே சொல்வது. குறையும் உண்டு. எந்தப் பட்டியலாலும் எட்டவே முடியாத குடும்பங்கள் இருந்தால் மதிப்பீடு அவர்களுக்காகக் கொஞ்சம் குறைவாகவே வரும். அது மூன்று நாட்களுக்கும் ஒரு கடற்கரைக்கும் உரியது. ஓமந்தைக்கு உரியது அல்ல.

ஓமந்தைக்கு வருகிறேன், ஏனென்றால் எந்த வடிவத்தில் வரைந்தாலும் கோடு இங்கேதான் அறுபடுகிறது. வவுனியாவுக்கு வடக்கே ஏ9 வீதியில் இருக்கும் இந்த ஊர் எழுதிப் பதிவதற்கே பேர் போனது. 2002 இல் போர்நிறுத்தத்தோடு வீதி திறந்தபோது அரசின் சோதனைச் சாவடி இங்கே இருந்தது, புலிகளுடையது புளியங்குளத்தில், நடுவிலிருந்த சூனியப் பிரதேசத்தில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு. யார், எந்த அடையாள அட்டை, எந்த வாகனம், ஏன் போகிறார் என்று எழுதாமல் யாரும் கடந்ததில்லை. 2015 ஓகஸ்ட்டில்தான் சாவடி எடுக்கப்பட்டது. 2009 இல் சனம் பேருந்துகளில் கொண்டுவந்து இறக்கப்பட்டபோது, இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியும்படி அறிவித்தார்கள் என்று ஆணைக்குழுக்களின் முன் திரும்பத் திரும்பச் சாட்சியம் சொல்லப்பட்டிருக்கிறது. பெற்றோர் நம்பிப் பிள்ளைகளைக் கையளித்தார்கள்.

மினாரின் முறையில் சொன்னால் பட்டை ஓமந்தையில் கிளை விடுகிறது. ஒரு கிளை மெனிக் பாமுக்கும் ஏனைய நலன்புரி நிலையங்களுக்கும் போகிறது. இன்னொன்று வவுனியா வைத்தியசாலைக்கு. மூன்றாவது புனர்வாழ்வு முகாம்களுக்கு, அரசின் கணக்கில் ஏறத்தாழ 12,000 பேர். இந்த மூன்றுக்கும் ஏதோ ஒரு அகலம் போட முடியும். நான்காவது கிளை பேருந்தில் ஏற்றப்பட்டுத் திரும்பாதவர்களுடையது. அதற்கு அகலம் போட எந்த ஆவணமும் வெளியே இல்லை. 2016 இல் முல்லைத்தீவு நீதிமன்றில் நடந்த ஆட்கொணர்வு மனு விசாரணையில் சரணடைந்தோர் பட்டியல் இருப்பதாகப் படைத் தரப்புச் சாட்சி சொன்னார். 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம் சரணடைந்த ஒருவரை முன்னிலைப்படுத்துமாறு இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. பெயர்ப் பதிவு இல்லாமல் ஒரு மாட்டு வண்டியும் கடக்காத இடத்தில் பிள்ளைகளைக் கையேற்ற பதிவு இருந்தே இருக்கும்.

மாயா லின் வடிவமைத்து 1982 இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பெயர்கள் அகரவரிசையில் இல்லை, இழந்த நாளின் வரிசையில் இருக்கின்றன. இறந்தது உறுதியானவரின் பெயருக்குப் பக்கத்தில் வைரக் குறி, காணாமல் போனவருக்குச் சிலுவைக் குறி. உடல் அடையாளம் காணப்பட்டால் சிலுவையை வைரமாகச் செதுக்கி மாற்றுகிறார்கள். 58,000 க்கு மேற்பட்ட பெயர்கள் கொண்ட கல், தன் தகவலை இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறது. தெரியாததைத் தெரியாதது என்று குறித்து வைத்திருப்பதால்தான் அதற்கு அது முடிகிறது.

தீர்ப்பு இதுதான். நான்கு சலாகைகளையும், கொல்லப்பட்டோர் தொகையாக மாற்றப்பட்ட 146,679 ஐயும், பூதாகாரமான ஒற்றை உருவங்களையும் கைவிட வேண்டும். மினாரின் பட்டையைப் பொய்களைச் சோதிக்கும் கருவியாக வைத்துக்கொள்ளலாம், நினைவுப் படமாக மாட்டக் கூடாது. அதில் ஒரு ஆளும் தெரியமாட்டார். ஆயரின் கழித்தலை அவர் வைத்தபடியே, இரண்டு தொகைகளின் ஊற்றோடும் கேள்விக்குறியோடும் அச்சிட வேண்டும். இருப்பவற்றில் முதலிடம் படச்சுவருக்கு. அதன் குறையை அதே சுவரில் நிரப்பலாம். வடிவமைப்பாளர்கள் செய்ய வேண்டிய புதுமை அங்கேதான் இருக்கிறது. பெயர் தெரிந்தவர்களின் கட்டங்களை இழந்த நாளின் வரிசையில், இழந்த இடத்தின் பெயரோடு, உறவுகளின் சம்மதத்தோடு அடுக்குங்கள். பட்டியல்களின் ஒப்பீடு இன்னும் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று சொல்கிறதோ அத்தனை கட்டங்களை அதே அளவில், அதே வரிசையில் வெறுமையாக விடுங்கள். முறையைச் சுவரின் அடியில் இரண்டு வரியில் எழுதுங்கள். முள்ளிவாய்க்காலின் மூன்று நாட்களுக்கு இதை இன்றே செய்யலாம். ஓமந்தைக்குச் செய்ய முதலில் அந்தப் பதிவேடு வெளியே வர வேண்டும். அது வரும்வரை நான்காவது கிளைக்கு எந்த அகலமும் போடாமல், கோடு அறுந்த இடத்தில் பதிவேடு யாரிடம் இருக்க வேண்டுமோ அந்த அலுவலகத்தின் பெயரை மட்டும் எழுதிவிடுவது போதும்.